பாதியில் நின்ற கார் கண்ணாடி... ‘மோட்டார் போச்சு’ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கள்ளக்குறிச்சியில் இருந்து கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துட்டு கல்வராயன் மலையில் ஏற ஆரம்பிச்சாச்சு. காத்து ஜிலுஜிலுன்னு வருதேன்னு கண்ணாடியை முழுசா இறக்கி விட்டிருப்பீங்க. பெரியார் நீர்வீழ்ச்சி பக்கம் வரும்போது சடசடன்னு மழை. கண்ணாடியை ஏத்தலாம்னு சுவிட்சை அழுத்தினா, அது பாதி வரைக்கும் வந்து அப்படியே நின்னுடுது. சீட் நனையுது, பின்னாடி இருக்கிற குழந்தை நனையுது, வெள்ளிமலை போய்ச் சேர இன்னும் எத்தனையோ வளைவு பாக்கி இருக்கு.

பழைய கார் வெச்சிருக்கிற பலருக்கும் இந்த அனுபவம் ஏதாவது ஒரு ஊரில் நடந்திருக்கும். அடுத்த நாள் கடைக்குப் போனதும் முதலில் காதில் விழும் வார்த்தை, “மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” மாற்றவும் செய்வார்கள். சில சமயம் புது மோட்டார் போட்ட பிறகும் கண்ணாடி அதே இடத்தில் வந்து நிற்கும். ஏன் என்றால், கோளாறு மோட்டாரில் இருந்திருக்காது.

பவர் விண்டோ வேலை செய்யாமல் போவதற்கு மோட்டார் ஒரு காரணம்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கைந்து இருக்கின்றன. அதில் பாதியை வீட்டு வாசலிலேயே, எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்துவிடலாம்.

*கதவுக்குள் என்னதான் இருக்கு?*

கதவுக்குள்ளே 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று. அது சுற்றும்போது, மெக்கானிக்குகள் ‘விண்டோ மெஷின்’ என்று சொல்லும் ரெகுலேட்டரை இயக்கும். அந்த மெஷின்தான் கண்ணாடியைத் தூக்கும், இறக்கும். சில வண்டிகளில் அது கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகும் இரண்டு இரும்புக் கைகளாக இருக்கும். வேறு சில வண்டிகளில் சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி ஒரு கம்பிக் கயிறு, இரண்டு கப்பி, ஒரு பிளாஸ்டிக் கிளிப். கண்ணாடியின் இரண்டு ஓரமும் ரப்பர் பீடிங் போட்ட பள்ளத்தில் வழுக்கிப் போகும்.

சுவிட்சை ஒரு பக்கம் அழுத்தினால் மோட்டாருக்கு ஒரு திசையில் மின்சாரம் போகும். மறுபக்கம் அழுத்தினால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறி, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரே மோட்டார்தான். அதனால் கண்ணாடி இறங்குகிறது, ஆனால் ஏறவில்லை என்றால் மோட்டார் செத்துப்போகவில்லை என்றே அர்த்தம். சுவிட்சில் ஒரு பக்க முனை தேய்ந்திருக்கலாம். இல்லையென்றால் மேலே தூக்க முடியாத அளவுக்குக் கண்ணாடி இறுகியிருக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிச் செலவு மிச்சம்.

*முதல் டெஸ்ட்: காதைக் கொடுத்துக் கேளுங்க*

இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆன் நிலையில் வையுங்கள். ரேடியோ, ஏ.சி. எல்லாம் ஆஃப். சுவிட்சை அழுத்தியபடி கதவின் உட்பக்கத்தில் காதை வையுங்கள்.

சத்தமே இல்லையா? மின்சாரம் போகவில்லை, அல்லது போயும் மோட்டார் சுற்றவில்லை. ‘ங்ங்ங்’ என்று முனகிவிட்டு நிற்கிறதா? மோட்டார் முயற்சி பண்ணுகிறது, கண்ணாடி வழி விடவில்லை. ‘விர்’ரென்று மோட்டார் சும்மா ஓடுது, ‘கரக் கரக்’ சத்தம் வருது, கண்ணாடி மட்டும் அசையவில்லையா? மோட்டார் நன்றாக இருக்கிறது. மெஷினில் கேபிளோ கிளிப்போ உடைந்திருக்கிறது.

சத்தமே இல்லாத முதல் வகைக்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. இருட்டான இடத்தில், கார் உள்ளே இருக்கும் கூரை விளக்கைப் போட்டுவிட்டு சுவிட்சை அழுத்திப் பாருங்கள். விளக்கு லேசாக மங்கினால், மின்சாரம் மோட்டார் வரை போகிறது, அது சிக்கி நிற்கிறது என்று பொருள். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை என்றால், வழியில் எங்கேயோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது மோட்டாருக்குள்ளேயே கார்பன் பிரஷ் தேய்ந்து தொடர்பு அறுந்திருக்கிறது.

இங்கே பலரும் ஏமாறும் ஒரு இடம் இருக்கு. கண்ணாடி நின்றுவிட்டதே என்ற பதற்றத்தில் சுவிட்சைத் திரும்பத் திரும்ப, விடாமல் அழுத்துவோம். சிக்கிய மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், சூடாகும். எரிந்துபோகாமல் இருக்க, பல மோட்டார்களுக்குள் சூடு ஏறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். அது துண்டித்ததும் மோட்டார் சுத்தமாகச் செத்த மாதிரி இருக்கும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் மறுபடி உயிர் வரும். அந்த நேரத்தில் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினால், பார்ப்பவர் ‘மோட்டார் காலி’ என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

*எல்லாக் கண்ணாடியும் நிக்குதா, ஒண்ணு மட்டுமா?*

நான்கு கண்ணாடியும் ஒரே நேரத்தில் வேலை செய்யவில்லை என்றால், நான்கு மோட்டாரும் ஒன்றாகப் போயிருக்க வாய்ப்பில்லை. ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 20 அல்லது 30 ஆம்பியர் ஃபியூஸ். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டி மூடியின் பின்புறம் எது எதற்கு என்று படம் போட்டிருப்பார்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும். அவசரத்துக்கு ஒரு துண்டுக் கம்பி, சிகரெட் அட்டைப் பெட்டியின் ஈயத்தாள் எல்லாம் வேண்டாம். ஃபியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போய்விட்டால், எங்கேயோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது. அங்கே நிறுத்திக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

பின்சீட்டு கண்ணாடிகள் மட்டும் வேலை செய்யவில்லையா? சிரிக்காதீர்கள், டிரைவர் பக்கம் இருக்கும் ‘லாக்’ பட்டனைப் பாருங்கள். குழந்தைகள் விளையாடாமல் இருக்க வைத்த பட்டன் அது. கை பட்டு அமுங்கியிருக்கும்.

இனி, ஒரே ஒரு கதவு மட்டும். பல பழைய வண்டிகளில், பக்கத்து சீட் கண்ணாடிக்குப் போகும் மின்சாரம் டிரைவர் பக்க மெயின் சுவிட்ச் வழியாகத்தான் சுற்றிப் போய்வரும். அதனால் இடது கதவுக் கண்ணாடி நின்றதற்குக் காரணம் வலது கதவு சுவிட்சில் இருக்கலாம். மழையில் கண்ணாடியைத் திறந்து டோல்கேட்டில் காசு கொடுத்த தண்ணீர், சிந்திய டீ, வருஷக்கணக்கான தூசி எல்லாம் முதலில் இறங்குவது அந்த மெயின் சுவிட்சுக்குள்தான். உள்ளே இருக்கும் செம்பு முனைகள் கருத்துப்போய்விடும். சுவிட்சை அழுத்தி ஆட்டினால் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம். பின் கதவுகள் இரண்டிலும் சுவிட்ச் ஒரே மாதிரி இருந்தால், ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்டிப் பாருங்கள். கோளாறும் சுவிட்ச் கூடவே இடம் மாறினால், விடை கிடைத்துவிட்டது. எலக்ட்ரானிக் பொருட்களுக்கென விற்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தாலே சில சுவிட்சுகள் மீண்டுவிடும்.

அப்புறம், யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம். கதவைத் திறந்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். வயர்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. பதினைந்து வருஷமாகக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, உள்ளே செம்புக் கம்பி ஒடிந்திருக்கும். மேல் பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாக இருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள், அப்படியே கதவை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஏதோ ஒரு நிலையில் கண்ணாடி நகர்ந்தால், கோளாறு அந்த ரப்பருக்குள் இருக்கும் வயரில். அதிகம் உழைப்பது டிரைவர் கதவு, அதனால் அங்கேதான் இது அடிக்கடி நடக்கும்.

*மெதுவா ஏறுதா? குற்றவாளி ரப்பர்தான்*

எங்கள் கணிப்பில், பழைய வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத காரணம் இதுதான். கண்ணாடி ஒரே நாளில் நிற்பதில்லை. ஆறு மாதத்துக்கு முன்னாலேயே கொஞ்சம் மெதுவாக ஏற ஆரம்பித்திருக்கும். ‘கீச்’ சத்தம் வந்திருக்கும். மேலே போகும்போது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நாமும் “பழைய வண்டிதானே” என்று விட்டிருப்போம்.

கல்வராயன் மலை கிராமங்களுக்குப் போகும் மண் பாதைகளிலும், உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னாலும் ஓடும் வண்டிக்கு ஜன்னல் ரப்பருக்குள் எவ்வளவு மண் சேரும் என்று யோசித்துப் பாருங்கள். வெயிலில் ரப்பர் காய்ந்து விறைக்கிறது, அந்தப் பள்ளத்தில் மண் படிகிறது, மழை பட்டுக் களிமண் மாதிரி இறுகுகிறது. கண்ணாடி அதில் உரசிக்கொண்டே மேலே ஏற வேண்டும். இறங்கும்போது கண்ணாடியின் எடையே உதவி செய்யும். ஏறும்போது மொத்த பாரமும் மோட்டார் தலையில். அதனால்தான் ‘இறங்குது, ஆனா ஏறமாட்டேங்குது’ என்ற புகார் அதிகம்.

சோதிக்க ஒரு வழி: கண்ணாடியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, மேல்நோக்கித் தள்ளிக் கொடுத்தபடியே, இன்னொருவரை சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். அந்த உதவியோடு ஏறிவிட்டால், முதலில் ரப்பரைக் கவனியுங்கள். இன்ஜினை ஓடவிட்டும் ஒருமுறை பாருங்கள். நிற்கும் வண்டியில் பேட்டரி 12 வோல்ட்டைச் சுற்றி இருக்கும். இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் தயவில் 14 வோல்ட் பக்கம் வரும். இன்ஜின் ஓடும்போது மட்டும் கண்ணாடி ஏறுகிறது என்றால் இறுக்கமோ, பலவீனமான பேட்டரியோ காரணமாக இருக்கலாம்.

சுத்தம் செய்வது கஷ்டமில்லை. கண்ணாடியை முழுசாக இறக்குங்கள். ஈரத்துணியை ஒரு தட்டையான பிளாஸ்டிக் ஸ்கேலில் சுற்றி, பக்கவாட்டு ரப்பர் பள்ளத்தில் மேலிருந்து கீழ் வரை விட்டு இழுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை செய்ய வேண்டும். காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரேயைப் பள்ளத்துக்குள் அடித்து, கண்ணாடியை நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். பல வண்டிகளில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜின் ஆயில், கிரீஸ், தேங்காய் எண்ணெய் மூன்றும் கூடவே கூடாது. அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும். எண்ணெய்ப் பசையில் மண் இன்னும் நன்றாக ஒட்டும். ஒரு மாதத்தில் முன்பைவிட இறுகிவிடும். ரப்பர் கிழிந்தோ, பள்ளத்தை விட்டு மடிந்தோ இருந்தால் எந்த ஸ்பிரேயும் உதவாது, பீடிங்கை மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு பங்காளி, சன் ஃபிலிம். ஓரத்தில் உரிந்த ஃபிலிம் சுருண்டு ரப்பருக்குள் போய் ஆப்பு வைத்த மாதிரி நிற்கும். உரித்து எடுத்தவர்கள் வண்டியிலும், துடைக்காமல் விட்ட பசை கண்ணாடியில் பிடித்து இழுக்கும். வண்டிக் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2012 ஏப்ரலில். அதன் பிறகு விதிகளில் திருத்தங்கள் வந்திருந்தாலும், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகக் குறைந்தது 50 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்ற அளவு தொடர்கிறது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், உரிந்த ஃபிலிமை எடுத்தால் மோட்டாருக்கும் நல்லது.

*மோட்டார் ஓடுது, கண்ணாடி கீழே விழுந்துடுச்சு!*

‘டப்’ என்று ஒரு சத்தம், அடுத்த நொடி கண்ணாடி கதவுக்குள் சரிந்துவிட்டது. கேபிள் வகை மெஷினில் கம்பிக் கயிறு அறுந்திருக்கிறது, அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது. இதற்குக் கதவின் உள் அட்டையான டோர் பேடைக் கழற்றியே ஆக வேண்டும்.

நீங்களே இறங்குவதென்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கண்ணாடியை மேலே தள்ளி, கதவுச் சட்டத்தோடு சேர்த்து அகலமான டேப்பால் இரண்டு பக்கமும் ஒட்டி நிறுத்துங்கள். இல்லையென்றால் உள்ளே கை இருக்கும்போது கண்ணாடி இறங்கும். கைப்பிடிக்குப் பின்னாலும், ஆர்ம்ரெஸ்ட் பள்ளத்திலும் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகே பேடை கீழிருந்து நெம்ப வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடி ஓரத்தில் கொடுத்து நெம்பாதீர்கள். பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் சூடாக்கி இறுக்கிய டெம்பர்டு வகை. நடுவில் அடி தாங்கும், ஓரத்தில் ஒரு சின்ன அடி பட்டால் மொத்தமும் தூள்.

கத்தரிக்கோல் கை வகை மெஷினில் ஒரு உண்மையான ஆபத்து இருக்கிறது. கண்ணாடியின் எடையைத் தாங்க அதில் சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கைகளைப் பிடித்து நிறுத்தியிருப்பதே மோட்டாரின் பல்சக்கரம்தான். மெஷினைப் பூட்டாமல் மோட்டாரைக் கழற்றினால், கை படாரென்று சுழன்று விரலை நசுக்கிவிடும். யூடியூப் பார்த்துச் செய்பவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

*உண்மையிலேயே மோட்டார்தானா? 2 நிமிஷத்தில் உறுதி செய்யலாம்*

பேடைக் கழற்றியாச்சு, மோட்டாருக்குப் போகும் கப்ளர் கையில் இருக்கிறது. சோதிப்பதற்காகப் பேட்டரியை மறுபடி இணைத்து, கப்ளரின் இரண்டு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து சுவிட்சை அழுத்துங்கள். ஒரு பக்கம் அழுத்தினால் 12 வோல்ட், மறுபக்கம் அழுத்தினால் மைனஸ் 12 வோல்ட் காட்ட வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளே முறிய இரண்டு மூன்று இழைகள் மட்டும் மிச்சமிருக்கும் வயரும் மீட்டரில் 12 வோல்ட் காட்டிவிடும், பாரம் ஏறினால் படுத்துவிடும். அதனால் மீட்டரை விட, 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டிப் பார்ப்பது நம்பகமானது. பல்பு பளிச்சென்று எரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால், சரி, அப்போது மோட்டார் போயிடுச்சு. எரியவே இல்லையென்றால் புது மோட்டார் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

கடையில் கொடுக்கிறீர்களா? “கப்ளர்ல கரன்ட் வருதான்னு பல்பு போட்டுப் பாத்தீங்களாண்ணே?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போதும். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், உங்களையே பக்கத்தில் நிறுத்திக் காட்டுவார். செலவு என்று பார்த்தால் சுத்தம் செய்வதும் ஃபியூஸும் குறைவு. சுவிட்ச், பீடிங், மெஷின், மோட்டார் என்று வண்டியைப் பொறுத்து ஏறும். உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கு மெஷினும் மோட்டாரும் சேர்ந்த செட்டாகத்தான் கிடைக்கும் என்றால், கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். இடது, வலது மாறினால் பொருந்தாது.

*மலையில் மாட்டிக்கிட்டா?*

கொண்டை ஊசி வளைவில் நிற்காமல், அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். இன்ஜின் ஓடட்டும். மற்ற மின்சார வேலைகளை ஆஃப் செய்துவிட்டு, ஒருவர் சுவிட்சை அழுத்த, இன்னொருவர் கண்ணாடியை இரண்டு உள்ளங்கையாலும் மேலே தள்ளட்டும். நகரவில்லை என்றால் சுவிட்சை அழுத்தியபடியே கதவின் உள் அட்டையில், மோட்டார் இருக்கும் கீழ்ப்பகுதியில் கை முட்டியால் நாலு தட்டு. தேய்ந்த பிரஷ் அந்த அதிர்வில் ஒட்டிக்கொண்டு, ஒருமுறை ஓடிவிடும். ஏறிவிட்டதா? வீடு போகும் வரை அந்த சுவிட்சை யாரும் தொடக் கூடாது.

ஏறவே இல்லையென்றால் தடிமனான பாலிதீன் தாளை ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகப் போட்டு, மேல் விளிம்பைக் கதவுச் சட்டத்துக்கு மேலே மடித்துக் கதவை மூடினால் தாள் நிற்கும். ஆனால் டிரைவர் ஜன்னலில் இதைச் செய்யக் கூடாது. பக்கக் கண்ணாடி மறைந்துபோனால், வளைவில் பின்னால் வரும் பஸ் தெரியாது. டிரைவர் கொஞ்சம் நனைந்தாலும் பரவாயில்லை.

*சரி பண்ணிய பிறகு மறக்கக் கூடாதது*

டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். “இது எதுக்கு, சும்மா இடைஞ்சல்” என்று கிழித்துப் போடுவது வழக்கம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது இயல்பு. அது காருக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தாள்தான். இறங்கிய தண்ணீர் வெளியேற, கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். இலைச் சருகும் மண்ணும் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். கதவை ஆட்டும்போது உள்ளே ‘சலசல’ என்று தண்ணீர் சத்தம் கேட்டால், மோட்டார் குளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

கடைசியாகக் குழந்தைகள் விஷயம். புதிய கார்கள் பலவற்றில் கண்ணாடி ஏறும்போது ஏதாவது தடுத்தால் தானாகவே இறங்கிவிடும் வசதி இருக்கிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. அதோடு, பழைய சுவிட்சுகளில் பல, மேலே இழுத்தால் ஏறும் வகை இல்லை. அழுத்தினாலே ஏறும் வகை. ஜன்னலில் எட்டிப் பார்க்கும் குழந்தையின் முழங்கால் பட்டாலே போதும். இத்தனை நாள் மெதுவாக, முனகிக்கொண்டு ஏறிய கண்ணாடி, ரிப்பேருக்குப் பிறகு வேகமாக, முழு பலத்தோடு ஏறும். பழைய வேகத்துக்குப் பழகிய பிள்ளைகளுக்கு அது தெரியாது. வண்டியைக் கடையிலிருந்து எடுத்த அன்றே பின்சீட்டு லாக் பட்டன் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அது வேலை செய்யவில்லை என்றால், அதையும் சரி பண்ணிக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள்.